கர்ப்பப்பை வாய் பரிசோதனை கசப்பாக முடிந்த பிறகு வரும் பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அறையில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். பரிசோதனைக்கு முன்னால் கேள்வி கேட்பவர்கள் குறைவு. வீட்டுக்குப் போனபின் போன் செய்பவர்கள், அடுத்த வாரம் சத்து மாத்திரை வாங்கும் சாக்கில் வந்து கதவைச் சாத்திவிட்டு மெதுவாக ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் நடக்கும் முறைகளை மனதில் வைத்துத்தான் பதில்கள்.

"டெஸ்ட் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு. இன்னும் நினைச்சா நெஞ்சு படபடங்குது. இது சாதாரணம்தானா?"

சாதாரணம்தான். புடவையைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து படுக்க வேண்டும், முன்பின் தெரியாதவர் தொடுவார், அசையக் கூடாது, அதோடு வலியும் சேர்கிறது. இதை உடம்பு ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். மருத்துவக் காரணத்துக்காகச் செய்தது என்பது மூளைக்குப் புரிந்தாலும் உடம்புக்குப் புரிய நாளாகும். படபடப்பு, காரணமில்லாத அழுகை, சாப்பாடு இறங்காதது, குளிக்கும்போது அந்த இடத்தைத் தொடவே பிடிக்காதது, கணவர் பக்கத்தில் வந்தாலே எரிச்சல் என்று பலவிதமாக அது வெளிப்படும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும்.

ஆனால் இந்தப் படபடப்புக்குள் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, 'ரிசல்ட் என்ன வருமோ' என்பது. இன்னொன்று, 'அந்த அறையில் எனக்கு இப்படி நடந்துவிட்டதே' என்பது. முதலாவது தகவல் கிடைத்தால் அடங்கும். இரண்டாவதுக்குத் தகவல் போதாது. யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும், அடுத்த முறை வேறு மாதிரி நடக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு எந்த ஆறுதலும் ஒட்டுவதில்லை. கீழே வரும் பதில்களில் இரண்டையும் தனித்தனியாகவே பேசுகிறேன்.

"எனக்கு என்னதான் செஞ்சாங்க? ஒண்ணுமே சொல்லாம 'படுங்க, காலை அகட்டுங்க'ன்னாங்க, அவ்வளவுதான்."

சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது அவர்கள் குறை. நடந்தது இதுதான்: ஸ்பெகுலம் என்ற கருவியைப் பிறப்புறுப்புக்குள் வைத்து, சுவர்களை விலக்கி, உள்ளே இருக்கும் கர்ப்பப்பை வாயைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறார்கள். அதன் பிறகு மூன்றில் ஒன்று நடந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்றால் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வினிகரிலும் இருப்பது அதே அமிலம்தான். லேசான எரிச்சல் அதனால் வந்தது. ரிசல்ட்டும் அங்கேயே தெரிந்துவிடும்.

பாப் ஸ்மியர் என்றால், ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரத்துண்டாலோ சின்ன பிரஷ்ஷாலோ கர்ப்பப்பை வாயைச் சுற்றி வருடி, உதிரும் செல்களை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எச்.பி.வி. பரிசோதனை என்றாலும் அப்படியே எடுப்பதுதான். அதில் தேடுவது செல்லை அல்ல, வைரஸை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற அந்த வைரஸால் வருவது. உங்களுக்குச் செய்தது எது என்று சீட்டில் எழுதியிருக்கும். இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள். எது என்று தெரிந்தால்தான் ரிசல்ட்டுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

"இவ்வளவு வலிச்சிருக்கணுமா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையாம்."

அக்கா சொன்னதும் உண்மை, உங்களுக்கு வலித்ததும் உண்மை. மாதவிடாய் நின்றவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து அந்த இடம் வறண்டிருக்கும். கருவி உரசினால் எரியும். சிலருக்குக் கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருக்கும், வாயைத் தேட நேரமாகும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), கிருமித்தொற்று, பழைய பிரசவத் தையல் தழும்பு எல்லாம் வலியைக் கூட்டும். பயத்தில் இடுப்புத் தசை தானாக இறுகிக்கொண்டால் சின்னக் கருவியும் பெரிதாகத் தெரியும். 'லூசா விடுங்க' என்று அதட்டினால் அந்தத் தசை இன்னும் இறுகத்தான் செய்யும். எங்கள் ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. வெளியே முப்பது பேர் நிற்கும்போது மறந்துபோகிறது.

கருவியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆஸ்பத்திரிகளில் இன்றும் புழங்கும் சிம்ஸ் ஸ்பெகுலம், அமெரிக்காவின் அலபாமாவில் 1840களில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கியது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள்மேல், மயக்க மருந்து இல்லாமல் அவர் அறுவைச் சிகிச்சைகள் செய்து பார்த்த காலம் அது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018இல் அகற்றினார்கள். படுத்திருப்பவரின் சௌகரியத்தை யோசித்து இந்தக் கருவி பிறக்கவில்லை. வலித்தது என்றால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள்.

உறவின்போதும் இதே மாதிரி வலிக்கிறது, அல்லது உறவே முடியவில்லை என்றால் அதைத் தனியாக மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இடுப்புத் தசை தானாக இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்ற பிரச்சினையாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே குணமாகிறது.

"வீட்டுக்கு வந்து பார்த்தா உள்ளாடையில ரத்தம். உள்ளே எதையாவது கிழிச்சுட்டாங்களா?"

கர்ப்பப்பை வாயின் மேல்தோல் மெல்லியது. பிரஷ் பட்டால் சில சொட்டு ரத்தம் கசியும். ஒன்று இரண்டு நாள் திட்டுத் திட்டாகவோ பழுப்பாகவோ படலாம், அடிவயிறு மாதவிடாய்க்கு முன் வலிப்பது போல லேசாகப் பிடிக்கலாம். நாப்கின் வைத்துக்கொண்டு, கசிவு நிற்கும்வரை உறவைத் தள்ளிப்போட்டால் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

"நடுவுலயே மயங்கிட்டேன். அத்தனை பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு."

கர்ப்பப்பை வாயைத் தொடும்போது வேகஸ் என்ற நரம்பு தூண்டப்பட்டு, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். வேர்த்து, கண் இருட்டி, சிலர் மயங்கிவிடுவார்கள். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் இதற்கு முன் பலரைப் பார்த்திருப்பார்கள். உங்கள் காலைத் தூக்கிப் பிடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். ரத்தப் பரிசோதனை என்று நினைத்து வெறும் வயிற்றில் வருகிறவர்கள் நிறைய. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. அடுத்த முறை சாப்பிட்டுவிட்டுப் போங்கள், படுக்கும் முன்பே 'போன தடவை மயங்கிட்டேன்' என்று சொல்லிவிடுங்கள், முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்காமல் ஐந்து நிமிடம் படுத்திருங்கள்.

"'சாம்பிள் சரியில்ல, திரும்ப வாங்க'ன்னு போன் வந்துச்சு. எதையோ மறைக்கிறாங்கன்னு தோணுது."

மறைக்கவில்லை. செல்கள் போதாமல் இருக்கலாம், ரத்தமோ சளியோ மூடியிருக்கலாம், வீக்கம் இருக்கலாம். வலி தாங்காமல் நீங்கள் பாதியில் நிறுத்தச் சொல்லியிருந்தால் இப்படி வர வாய்ப்பு உண்டு. நிறுத்தச் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. 'தெளிவாகப் படிக்க முடியவில்லை' என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல.

வழக்கமாக இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். மாதவிடாய் நின்றவர் என்றால், அதற்கு முன் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் களிம்பு போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வலியும் குறையும், மாதிரியும் தெளிவாகக் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதைக் கண்டிப்பாக முதலில் சொல்லிவிட வேண்டும்.

"'ரெண்டு புள்ள பெத்தவதான, இதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற'ன்னு நர்ஸ் கேட்டாங்க. வலி போயிடுச்சு, அந்த வார்த்தை போகல."

என்னிடம் வந்த கேள்விகளில் அதிகம் வந்தது இதுதான். வார்த்தை கொஞ்சம் மாறும். 'புருஷன்கிட்ட மட்டும் வெட்கம் இல்லையா' என்று கேட்கப்பட்டவர் உண்டு. 'இவ்வளவு குண்டா இருந்தா எப்படித் தெரியும்' என்று கேட்கப்பட்டவர் உண்டு. ஒரு பாட்டி, 'இந்த வயசுல உனக்கு எதுக்கு' என்று யாரோ சிரித்ததைச் சொல்லிவிட்டு, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

எந்தப் பெண்ணின் வலிக்கும் அவள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. பிரசவத்தில் உடம்பே தளர்ந்து வழிவிடும். அதற்கான ஹார்மோன்கள் சுரக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சொன்னவர் மருத்துவ ரீதியாகவே தப்பாகத்தான் சொன்னார். வேலைச் சுமை காரணமாக இருக்கலாம். ஆனால் காரணம் இருப்பதால் அது சரியாகிவிடாது. இந்தத் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வார்த்தையை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் யாரிடமாவது முழுசாகச் சொல்லுங்கள், 'அட, விடு' என்று சொல்லாத ஒருவரிடம். பிறகு, தோன்றினால், நடந்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள மருத்துவ அலுவலரிடம், தனியார் என்றால் நிர்வாகத்திடம். 104 என்ற அரசின் சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எழுதி வைத்துவிட்டுக் கொடுக்காமல் விட்டவர்களும், எழுதியதே பெரிய ஆறுதல் என்றிருக்கிறார்கள்.

"ஆண் டாக்டர் பார்த்தாரு. கூட ரெண்டு மூணு ஸ்டூடண்ட்ஸ் வேற. நான் எதுவும் சொல்ல முடியுமா?"

முடியும். மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது: ஆண் மருத்துவர் ஒரு பெண்ணை உடல் பரிசோதனை செய்யும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாணவர்கள் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் உங்களைக் கேட்டுவிட்டு. 'ஸ்டூடண்ட்ஸ் வேண்டாம் சார்' என்று சொன்னால் சிகிச்சையை மறுக்க முடியாது.

இதைவிடத் தவறாக ஏதாவது நடந்திருந்தால், தேவையே இல்லாத தொடுதல் அல்லது ஆபாசப் பேச்சு இருந்திருந்தால், அது 'கசப்பான அனுபவம்' என்ற கணக்கில் வராது. குற்றம். பெண்கள் உதவி எண் 181. 'டெஸ்ட்னா இப்படித்தானோ' என்ற குழப்பம் இருந்தால், வேறொரு பெண் மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லிக் கேளுங்கள். எது பரிசோதனை, எது இல்லை என்று அவர் சொல்லிவிடுவார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் ராத்திரி தூக்கமே இல்ல. எப்படிக் கடத்துறது?"

முதலில் ஒரு தேதி வாங்குங்கள். 'வந்தா சொல்றோம்' என்பதுதான் ஆளைக் கொல்கிற பதில். போன் செய்து, 'எத்தனாம் தேதிக்கு மேல் கூப்பிடட்டும், யாரைக் கேட்கட்டும்' என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் போன் வராதது நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. ஆய்வகத்தில் வரிசை, அவ்வளவுதான்.

ராத்திரி பயம் ஏறும்போது 'நினைக்காதே' என்று மனதிடம் சொன்னால் அது கேட்காது. அதற்குப் பதில் பகலில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள், சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயத்தை எல்லாம் அப்போது நினையுங்கள், எழுதுங்கள், அழுங்கள். ராத்திரி வந்தால் 'நாளைக்கு அந்த நேரத்தில் பார்க்கலாம்' என்று தள்ளிவிடலாம். முதல் சில நாள் கேலியாக இருக்கும், பிறகு வேலை செய்யும். மூச்சு விஷயத்தில் ஒன்றே ஒன்று: இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடுங்கள். நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். பத்துத் தடவை செய்தால் படபடப்பு ஒரு படி இறங்கும். காபியை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனில் தேடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ராத்திரி ஒரு மணிக்கு 'வெள்ளைப்படுதல் புற்றுநோய் அறிகுறி' என்று தேடுகிறவருக்கு நல்ல செய்தி எதுவும் கண்ணில் படாது. சந்தேகங்களை எழுதிவைத்து மருத்துவரிடம் கேளுங்கள்.

"'பாசிட்டிவ்'னு வந்துடுச்சு. அப்போ கேன்சர்தானே?"

இல்லை. இந்தப் பரிசோதனைகள் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதைவிட, அது வருவதற்கு முன்னால் உள்ள மாற்றத்தைப் பிடிப்பதற்காகத்தான் இருக்கின்றன. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது. 30 முதல் 59 வயதுப் பெண்கள் 31,343 பேருக்கு மேலே சொன்ன அசிட்டிக் அமிலப் பரிசோதனை செய்தார்கள். 3,088 பேருக்குப் பாசிட்டிவ், ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. கிருமித்தொற்றும் வீக்கமும்கூட வெள்ளையாகத் தெரியும்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் வைரஸ் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பெரும்பாலான பெண்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஓரிரு வருடத்தில் அதை அடக்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டாலும், புற்றுநோயாக மாற வழக்கமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 வருடம். பாப் ஸ்மியர் சீட்டில் செல்களில் லேசான மாற்றம் என்று இருந்தால், அதில் நிறையத் தானாகவே சரியாகும். தீவிரமான மாற்றம் என்றாலும் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலைதான். குளிரவைத்தோ சூடு வைத்தோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம், அல்லது சின்னதாக வெட்டி எடுத்துவிடலாம். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டும் என்பதில்லை. இந்த விவரங்கள் முதலில் சொன்ன இரண்டு பயங்களில் முதலாவதுக்கு மருந்து. ஆனால் 'அவசரமில்லை' என்பதை 'போகாமல் இருக்கலாம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்பரிசோதனைக்குக் கொடுத்த தேதியில் போய்விடுங்கள்.

"எச்.பி.வி. உறவு மூலமாத்தான் வருமாம். அப்போ என் வீட்டுக்காரர் எங்கயோ போயிருக்காரா?"

இந்தக் கேள்வி பாதிப் பேருக்கு இருக்கும், வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. கணவர் தரப்பிலிருந்து மனைவியைச் சந்தேகப்பட்டும் இதே கேள்வி வருகிறது. எச்.பி.வி. வருடக்கணக்கில், ஏன் பத்து இருபது வருடம்கூட, சத்தமில்லாமல் உடம்பில் தங்கியிருந்து பிறகு பரிசோதனையில் தெரியலாம். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதை வாங்கியிருப்பார்கள். இந்தச் சீட்டை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் நிரூபிக்கவும் முடியாது, குலைக்கவும் முடியாது.

வீட்டில் சொல்வதா என்பது உங்கள் முடிவு. சொன்னால் சண்டையும் சந்தேகமும்தான் மிஞ்சும் என்று தெரிந்தால், 'கர்ப்பப்பை வாயில் சின்னப் புண், பார்க்கச் சொல்லியிருக்காங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ரிப்போர்ட்டை உங்கள் அனுமதி இல்லாமல் ஆஸ்பத்திரி யாரிடமும், மாமியார் உட்பட, கொடுக்கக் கூடாது.

"கால்போஸ்கோபிக்கு வரச் சொல்றாங்க. மறுபடியும் அந்தக் கட்டில்ல ஏறணுமா? நினைச்சாலே வயித்துல புளியைக் கரைக்குது."

ஏறத்தான் வேண்டும், ஆனால் போன தடவை மாதிரியே ஏற வேண்டியதில்லை. கால்போஸ்கோப் என்பது பெரிதாக்கிக் காட்டும் கருவி. அது வெளியே நிற்கும், உள்ளே வராது. ஸ்பெகுலம் மட்டும் மறுபடி வைப்பார்கள். மருந்து தடவிப் பார்ப்பார்கள், பத்து இருபது நிமிடம் ஆகும். சந்தேகமான இடம் இருந்தால் அரிசி அளவுக்குச் சின்னத் துணுக்கு எடுப்பார்கள். அப்போது சுருக்கென்று கிள்ளும். மரத்துப்போக ஊசி போடலாமா, ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். துணுக்கு எடுத்தால் சில நாள் கசிவு இருக்கும், காபித் தூள் மாதிரிகூட வரும். அது ரத்தத்தை நிறுத்தப் போட்ட மருந்து.

கட்டிலில் ஏறுவதற்கு முன், உடையைக் கழற்றுவதற்கு முன், உட்கார்ந்திருக்கும்போதே பேசிவிடுங்கள். படுத்த பிறகு பேச்சு வராது. 'போன தடவை ரொம்ப வலிச்சது. சின்ன சைஸ் வைங்க. ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் கையைத் தூக்கினா நிறுத்திடுங்க' என்று சொன்னால் போதும். வாய் வராது என்றால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஸ்பெகுலத்தை நீங்களே உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்றும் கேட்கலாம். நம் ஊரில் கேட்டால் முதலில் முழிப்பார்கள், ஆனால் மருத்துவத்தில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். கூட அக்காவையோ தோழியையோ தலைப்பக்கம் நிற்க வையுங்கள். பாவாடையோ தொளதொள நைட்டியோ போட்டுப் போனால் முழுசாக அவிழ்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடுப்புக்குக் கீழே துணி போர்த்தச் சொல்லுங்கள். இடுப்புக்கடியில் கையை முட்டியாக வைத்துக்கொண்டால் சாய்ந்த கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு வாய் சீக்கிரம் தெரியும்.

"ரிசல்ட் நார்மல். எல்லாரும் சந்தோஷப்படுறாங்க. எனக்கு மட்டும் பயம் போகல. நான் என்ன பைத்தியமா?"

இல்லை. ரிசல்ட் முதல் பயத்துக்குத்தான் பதில் சொன்னது. இரண்டாவது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 'அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே' என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லும்போது அது இன்னும் தனியாகிவிடும்.

ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கனவிலும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வந்தாலோ, டெட்டால் வாசனைக்கே உடம்பு நடுங்கினாலோ, வேறு எந்த மருத்துவரிடமும் போக முடியவில்லை என்றாலோ, கணவன் மனைவி உறவு நின்றுபோனாலோ, அது மனநல உதவி தேவைப்படும் கட்டம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. செத்துவிடலாம் என்று தோன்றினால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

"சின்ன வயசுல எனக்கு ஒண்ணு நடந்துச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. டெஸ்ட்ல படுத்தப்போ அது அப்படியே திரும்ப வந்துடுச்சு."

சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இந்தப் பரிசோதனை மிகக் கடினம். மல்லாந்து படுப்பது, 'அசையாதே' என்ற குரல், தப்பிக்க முடியாதது எல்லாம் சேர்ந்து பழையதை எழுப்பிவிடும். சிலர் கத்துவார்கள், சிலர் கல்லாகிக் கிடப்பார்கள். கல்லாகிக் கிடந்தவர்களைப் பார்த்து 'நல்லா ஒத்துழைச்சாங்க' என்று எழுதிவிடுவதும் நடக்கிறது.

அந்தக் காட்சி திரும்ப வரும்போது பாதத்தைத் தரையில் அழுத்தி வையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கையை நனையுங்கள், கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்றைய தேதியையும் சேர்த்து. அது அப்போது, இது இப்போது என்று உடம்புக்குத் தெரிவிக்கும் வழி இது. அடுத்து யாரிடமும் உங்கள் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 'உள் பரிசோதனை எனக்கு ரொம்பக் கஷ்டம், காரணம் கேட்காதீங்க, மெதுவாப் பண்ணுங்க' என்பது போதுமான வாக்கியம். முந்தைய பதிலில் உள்ள உதவி எண் உங்களுக்கும்தான், இதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்புவார்கள். உங்களுக்கு அடுத்த பதிலில் உள்ள வழி இன்னும் பொருந்தும்.

"இனிமே செத்தாலும் போக மாட்டேன். அது தப்பா?"

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பு உங்களுடையது. ஆனால் முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. திண்டுக்கல் ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வந்த மரணம், அழைக்கப்படாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. அதுவும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு பரிசோதனையில். அடிக்கடியும் போக வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. பரிசோதனையை 30 வயதுக்கு மேல் 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும் என்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 25 வயதிலிருந்து, இன்னும் குறைந்த இடைவெளியில்.

ஸ்பெகுலமே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியை நீங்களே எடுக்கலாம். நீளமான பஞ்சுக் குச்சியையோ சின்ன பிரஷ்ஷையோ, தனி அறையிலோ குளியலறையிலோ, சில அங்குலம் உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும். கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டியதுகூட இல்லை. வைரஸின் மரபணுவைத் தேடும் முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய சமமாகவே இது கண்டுபிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்கிறது. எல்லா ஊரிலும் இன்னும் கிடைப்பதில்லை. சில தனியார் ஆய்வகங்களில் கிடைக்கிறது. 'சுயமா எடுக்கிற எச்.பி.வி. டெஸ்ட் இருக்கா' என்று போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் என்றால் பல வருடத்துக்குக் கவலை இல்லை. பாசிட்டிவ் என்றால் ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும், அப்போது கால்போஸ்கோபி பதிலில் சொன்னதெல்லாம் கைகொடுக்கும்.

இவை அறிகுறி இல்லாதவர்களுக்கான ஏற்பாடு. உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், நாற்றமடிக்கும் நீர் போல வெள்ளைப்படுதல் என்று ஏதாவது இருந்தால் சுய மாதிரி போதாது. போன ஆஸ்பத்திரி பிடிக்கவில்லை என்றால் வேறு ஆஸ்பத்திரி, வேறு மருத்துவர், கூட ஒரு துணை. ஆனால் அந்த வாரத்திலேயே.